பழைய பிக்கப் வண்டிக்குப் பின் அச்சு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஜொகூர் மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் காடாகக் கிடந்த நிலங்களைத் திருத்தி மேம்படுத்தும் பொருட்டு, 1972ஆம் ஆண்டில் கெஜோரா எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. அவ்வாரியத்தின் திட்டத்தில் உருவான நகரங்களுள் ஒன்றே பண்டார் தெங்காரா. எத்திசையில் நோக்கினும் செம்பனை மரங்களே கண்ணில் படும் ஊர் அது. பெருந்தோட்டங்களில் டிராக்டர்களும் லோரிகளும் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்கின்றன. ஆயினும் சிறு தோட்டக்காரர்களும், குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்வோரும், உரமும் களைக்கொல்லியும் ஏற்றிச் செல்வோரும் நம்பியிருப்பது பழைய பிக்கப் வண்டிகளையே. தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்த நம் இளைஞர்கள் பலருக்கு, இத்தகைய ஒரு வண்டிதான் சொந்தத் தொழிலுக்கு முதற்படியாக அமைந்திருக்கிறது.

இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டியில் இயந்திரம் நன்றாயிருந்தாலும் பின் அச்சு சோர்ந்து போவது இயல்பு. சுமை முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. முற்றிய மரத்தின் பழக்குலை ஒன்று 20 கிலோ எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது குலைகளிலேயே ஒரு டன் ஆகிவிடுகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியின் எடையும் அதுவே. ஒரு டன் என்பது இவ்வகை வண்டிகள் பலவற்றுக்கு, ஓட்டுநரையும் உடன் அமர்வோரையும் சேர்த்து விதிக்கப்பட்ட எல்லையாகும். செம்மண் பாதையின் பள்ளங்களில் அந்த எல்லையை மதிப்பவர் எத்தனை பேர் என்பதை நாம் இங்கே ஆராயப் போவதில்லை. அச்சு பழுதடைந்த பின்னர் அதற்கு மாற்றாக மற்றொன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

சென்ற மழைக்காலத்தில் பண்டார் தெங்காரா பக்கம் சென்றிருந்தபோது, குலை வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரின் வண்டியை நாம் காண நேர்ந்தது. தொண்ணூறுகளில் வெளிவந்த நான்கு சக்கர இயக்க வண்டி. அதன் பின் அச்சிலிருந்து சில மாதங்களாக ஊளையிடுவது போன்ற ஓசை எழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவ்வோசை அரைக்கும் ஓசையாக மாறிவிட்டது. பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் கடை ஒன்றில், அதே கம்பெனி தயாரித்த வண்டியிலிருந்து கழற்றிய முழு அச்சு ஒன்று கிடைத்தது. வில்பட்டைகள் அமரும் இடம் பொருந்தியது. புரொப்பல்லர் தண்டின் நான்கு போல்டுகளும் பொருந்தின. “ஆறு நட்டும் அப்படியே உட்கார்ந்துருச்சுங்க ஐயா, அதுக்கு மேல என்ன பார்க்கணும்?” என்றார் அவர். அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அவ்வாறே எண்ணியிருப்போம்.

மூன்றாம் நாள் மழையில் நனைந்த சரிவு ஒன்றில் ஏறுவதற்காக நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டார். சேற்றில் வண்டி ஏறிவிட்டது. தார்ச்சாலைக்கு வந்ததும் வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல் இறுகியது. நான்கு சக்கர இயக்கத்தின் கம்பியோ திரும்ப வர மறுத்தது. வண்டியைச் சிறிது தூரம் பின்னோக்கிச் செலுத்திய பிறகே அது விடுபட்டது. அடுத்த முறை அதுவும் உதவவில்லை. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டிக்குள் ஏதோ ஒன்று ‘டக்’ என்று முறிந்தது. வாங்கிய அச்சுக்குக் கொடுத்ததைவிட அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணம் அதிகம். நடுவே இரண்டு வாரம் குலை ஏற்றும் வேலையும் கையை விட்டுப் போயிற்று.

பல்லின் கணக்கு

நடந்தது என்னவென்று அறிய வேண்டுமானால் அச்சின் நடுவே உள்ள உருண்டையான பகுதிக்குள் நோக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் எனப்படும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனில் 41 பற்களும் பினியனில் 9 பற்களும் இருந்தால், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குத் தண்டு 4.556 முறை சுற்ற வேண்டும். பினியனில் 10 பற்கள் இருந்தால் 4.10 முறை சுற்றினால் போதும். இதனையே பல் விகிதம் என்கிறோம். 39க்கு 8 என்றால் 4.875, 43க்கு 10 என்றால் 4.30, 43க்கு 11 என்றால் 3.909 என்றவாறு பிக்கப் வண்டிகளில் பல விகிதங்கள் வழங்குகின்றன. ஒரே கம்பெனியின் ஒரே தோற்றமுடைய வண்டியிலும், டீசலா பெட்ரோலா, இரு சக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா, எந்த நாட்டுக்காகத் தயாரிக்கப்பட்டது என்பனவற்றைப் பொறுத்து இவ்விகிதம் மாறும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

எண் பெரிதாயின் இழுவை கூடும், வேகம் குறையும். எண் சிறிதாயின் நெடுஞ்சாலையில் இயந்திரம் அலட்டிக்கொள்ளாது ஓடும். ஆனால் சுமையோடு மேடு ஏறும்போது திணறும். இரு சக்கர இயக்க வண்டியில் விகிதம் மாறினால் விளைவு இத்துடன் முடிந்துவிடுகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் வேகமானி கியர்ப் பெட்டியின் பின்புறத் தண்டிலிருந்து இயங்குவதால், அதன் கணக்கும் பிசகும். 4.10 இருந்த இடத்தில் 4.556 வைத்தால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது முள் 100 என்று காட்டும். இது தீங்கற்ற பிழை. மாற்றி வைத்தாலோ, 100 என்று முள் காட்டும்போது வண்டி 111 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்துகொண்டிருக்கும்.

நான்கு சக்கர இயக்க வண்டியின் நிலை வேறு. அதற்கு முன்னும் ஓர் அச்சு, பின்னும் ஓர் அச்சு; ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிப் பற்சக்கரங்கள். பழைய பிக்கப் வண்டிகளில் கம்பியைப் போட்டவுடன் இரண்டு தண்டுகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். நாம் கண்ட வண்டியில் முன் அச்சு 4.556 ஆகவும், புதிதாக வாங்கிய பின் அச்சு 4.10 ஆகவும் இருந்தன. பின் அச்சு, பெட்ரோல் இயந்திரம் பொருத்திய வண்டியிலிருந்து வந்தது என்பது பின்னர் தெரியவந்தது. அவ்வண்டியின் டயர் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2.3 மீட்டர் நகரும். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 430 சுற்று. அத்தூரத்தில் முன் தண்டு 1,960 முறையும் பின் தண்டு 1,760 முறையும் சுற்ற விரும்புகின்றன. இரண்டும் பூட்டப்பட்டிருக்கையில் இந்த 200 சுற்று வேறுபாடு எங்கே போகும்? சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கிக் கொடுத்துவிடும். காய்ந்த தார்ச்சாலை வழுக்க விடாது. முறுக்கம் ஏறிக்கொண்டே சென்று, எது வலுவற்றதோ அது முறிகிறது.

ஆகவே நான்கு சக்கர இயக்க வண்டிக்குப் பின் அச்சு வாங்குவோர், முன் அச்சின் விகிதம் என்னவென்று அறியாமல் கடைக்குப் புறப்படுவதே தவறு.

விகிதத்தை அறியும் வழி

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முதலாவதாக, வண்டியின் இயந்திர அறையில் திருகியிருக்கும் தகரப் பட்டையைப் பாருங்கள். டொயோட்டா வண்டிகளில் அப்பட்டையில் அச்சுக்கென ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் எழுத்து கிரவுன் சக்கரத்தின் அளவையும், நடுவிலுள்ள இரண்டு எண்கள் பல் விகிதத்தையும், இறுதி எண் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களின் எண்ணிக்கையையும் உணர்த்தும். ‘ஜி’ என்னும் எழுத்து 8 அங்குலக் கிரவுனைக் குறிக்கும். அக்குறியீட்டை எழுதிக்கொண்டு போனால் நல்ல கடைக்காரர் புரிந்துகொள்வார். ஆனால் பட்டை சொல்வது, தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளிவந்த நாளின் நிலையை மட்டுமே. மூன்று கைமாறி வந்த வண்டியில் அச்சு ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கலாம். எனவே எண்ணிப் பார்த்துவிடுவதே உறுதியானது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்கள் அனைத்திற்கும் இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். பின் சக்கரங்களுள் ஒன்றை மட்டும் ஜேக்கினால் உயர்த்தி, அச்சின் கீழே உறுதியான தாங்கியை வைக்க வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலையை நீட்டுவோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: அதைச் செய்யாதீர்கள். பின்னர் கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, டயரிலும் புரொப்பல்லர் தண்டிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இட வேண்டும். உயர்த்திய சக்கரத்தை ஒருவர் மெதுவாகச் சரியாக இருபது சுற்றுச் சுற்ற, மற்றொருவர் தண்டின் சுற்றுகளை எண்ண வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிலைத்திருப்பதால் தண்டு பாதி அளவே சுற்றும். ஆகையால் இருபது சுற்றுக்குத் தண்டு 41 முறை சுற்றினால் விகிதம் 4.10; 43 முறை என்றால் 4.30, நாற்பத்தைந்தரை என்றால் 4.556. ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ‘இரண்டு சொச்சம்’ என்று கூறுவது பயன் தராது. 4.10க்கும் 4.30க்கும் உள்ள வேறுபாடு அதில் மறைந்துவிடும்.

கடையில் தரையில் கிடக்கும் அச்சுக்கும் இதே முறைதான். ஒருபக்கச் சக்கர முனையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இருபது சுற்றுச் சுற்றி, பினியன் முனை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணலாம். இதற்குப் பத்து நிமிடம் ஆகாது. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லும் கடைக்காரரிடம் வாதிடாமல், எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருபக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்ற முடியாதபடி இறுகியிருந்தால், அது வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகையைச் சேர்ந்த டிஃபரன்ஷியலாக இருக்கலாம். சேற்று நிலத்திற்கு அது நல்லது. ஆனால் அதற்கென உரிய தனி எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

முழு அச்சும் வேண்டுமா?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. நாம் மேலே குறிப்பிட்ட குத்தகைக்காரரின் பழைய அச்சில் கெட்டுப் போனது கிரவுனும் பினியனும் மட்டுமே. பினியன் முனையிலிருந்த எண்ணெய் சீல் கசிந்து, எண்ணெய் வற்றி, பற்கள் வெந்துபோயிருந்தன. அச்சுக்குழாய், சக்கர பேரிங்குகள், பிரேக் யாவும் நல்ல நிலையில் இருந்தன.

பின் அச்சுகள் இரு வகையாக அமைக்கப்பட்டுள்ளன. ஒரு வகையில் பற்சக்கரங்கள் யாவும் தனியான தலைப்பகுதி ஒன்றில் பொருத்தப்பட்டு, அது அச்சுக்கூட்டின் முன்புறத்தில் போல்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் 8 அங்குல அச்சு இவ்வகையைச் சேர்ந்தது. இரு பக்கத்து அரைத்தண்டுகளையும் சற்று வெளியே இழுத்துவிட்டு, அத்தலையை மட்டும் கழற்றி, சரியான விகிதமுள்ள வேறொரு தலையை வைத்துவிடலாம். பிரேக்கும் வில்பட்டையும் அவ்வாறே இருக்கும், செலவும் குறைவு. மற்றொரு வகையில், அச்சுக்கூட்டின் பின்புறம் ஒரு மூடி மட்டும் இருக்கும். பற்சக்கரங்களைக் கூட்டுக்குள்ளேயே வைத்து அளவெடுத்துப் பொருத்த வேண்டும். அதற்குக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். பல்லும் பல்லும் தொடும் இடத்தை மையிட்டுப் பார்த்து, நூலிழை அளவில் தகடு வைத்துச் சரிசெய்யும் வேலை அது. அத்தகையவர் அருகில் இல்லாவிட்டால் முழு அச்சையும் மாற்றுவதே அறிவுடைமை.

அச்சுக்குழாய் வளைந்திருந்தாலோ, வெடித்திருந்தாலோ, வில்பட்டை அமரும் இடம் துருவால் அரிக்கப்பட்டிருந்தாலோ, பேரிங் அமரும் பகுதி தேய்ந்து தளர்ந்திருந்தாலோ முழு அச்சையும் மாற்றத்தான் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பதற்கு இடமில்லை. பிக்கப் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டே வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமே வண்டியை விட்டுக் கழன்று ஓடும். பெரிய லோரிகளில் பாரத்தைக் குழாய் தாங்குவதால், தண்டு முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். பழைய குழாய் வெடிப்பைப் பற்றவைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று கூறும் பட்டறைக்காரர், பெரும்பாலும் அவ்வண்டியில் ஏறிச் செல்பவராக இருப்பதில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

ஜொகூரில் பழைய உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் பதிவு நீக்கப்பட்ட வண்டிகளின் வெட்டுத் துண்டுகள் இங்கு வந்து குவிகின்றன. சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையினால், பத்தாண்டு முடிந்ததும் சான்றிதழைப் புதுப்பிக்காத வண்டிகள் சாலையை விட்டு நீங்க வேண்டியுள்ளது. அவற்றின் அச்சுகள் பல, தோட்டப் பாதையையே கண்டிராதவை. அதே சமயம், தாய்லாந்திலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓடிய ஒரே பெயருள்ள வண்டிகளுக்குள் அளவுகள் வேறுபடுகின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டிகளில் மிகப் பல, கம்பெனி எதுவாயினும், ஆறு நட்டு, 139.7 மி.மீ. வட்டம் என்னும் ஒரே அமைப்பைக் கொண்டவை. ‘ஆறு நட்டும் உட்கார்ந்துவிட்டது’ என்பது ஏன் ஏமாற்றுகிறது என்பது இதிலிருந்து விளங்கும். நட்டு பொருந்தினாலும் நடுத்துளை பொருந்தாது போகலாம். டொயோட்டாவின் நடுத்துளை ஏறத்தாழ 106 மி.மீ.; மிட்சுபிஷியினுடையது 67 மி.மீ. அளவே. இதைவிட முக்கியமானது அகலம். 1988 முதல் 1997 வரையிலான தலைமுறையைச் சேர்ந்த எல்.என்.106 ஹைலக்ஸுடன் ஒப்பிட்டால், 2004இல் அறிமுகமான வீகோ தலைமுறையின் பின் அச்சு பல சென்டிமீட்டர் அகலமானது. நட்டு பொருந்துகிறதே என்று பொருத்தினால் டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். வில்பட்டை அமரும் இடமும் சேராது. ஆகவே அளவு நாடாவும் கையுமாகக் கடைக்குச் செல்லுங்கள். உங்கள் பழைய அச்சில் சக்கரம் அமரும் முகம் ஒன்றிலிருந்து மறுமுகம் வரை எவ்வளவு, வில்பட்டை இருக்கைகளின் நடுவிடைவெளி எவ்வளவு, பட்டை அச்சின் மேலே அமர்கிறதா கீழே தொங்குகிறதா, பினியன் முனை நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, தண்டுமுனையின் போல்டுத் துளைகள் எவ்வளவு இடைவெளியில் உள்ளன என்பனவற்றைத் தாளில் குறித்துச் செல்வது நலம்.

வில்பட்டை இருக்கை சற்று விலகியிருந்தால் அதை வெட்டியெடுத்து வேறிடத்தில் பற்றவைக்கலாம் என்பார்கள். முடியாததன்று. ஆயினும் பற்றவைப்பின் வெப்பத்தால் குழாய் வளையக்கூடும். இருக்கையின் சாய்வு மாறினால் பினியன் முனையின் கோணமும் மாறி, புரொப்பல்லர் தண்டு நடுங்கும். இவ்வேலைக்கு ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்தால், சரியான அச்சுக்காக இன்னும் ஒரு வாரம் காத்திருப்பது மலிவாகவே இருக்கும். அச்சின் வகையையே மாற்றி வண்டியின் அமைப்பைத் திருத்த நினைப்போர், வேலையைத் தொடங்குமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்து அனுமதி பெறுவது அவசியம்.

அடுத்து எண்ணெயைப் பாருங்கள். அச்சின் அடிப்பகுதியிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தினால் சில துளிகள் வரும். கருமையாயிருப்பது குற்றமன்று. விரலில் தேய்க்கும்போது மணல் போன்ற இரும்புத்தூள் தென்பட்டால் அந்த அச்சு வேண்டாம். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை இவ்வட்டாரத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாறு நீரில் மூழ்கிய வண்டிகளின் பாகங்கள் காய்ந்து, துடைக்கப்பட்டு, கடைக்கு வந்துவிடுவது உண்டு. வெளியே வண்ணம் பூசலாம்; உள்ளே பேரிங்கில் படிந்த துருவை மறைக்க இயலாது. வெள்ளமின்றியும் நீர் புகும். அச்சின் மேற்புறத்தில் காற்றுப்போக்கிக்கு ஒரு சிறு குமிழ் உள்ளது. அது சேறு அடைத்துக் கிடந்தால், சூடேறிய அச்சு ஓடை நீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

சக்கர முனைகளை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. பினியனை முன்னும் பின்னும் திருப்பும்போது சிறிதளவு தளர்ச்சி இருப்பது இயல்பே. ஆனால் அது ‘கடக்’ என்று அடிக்கக் கூடாது. சக்கர முனையைச் சுழற்றும்போது அதன் முகம் இருபுறமும் அலைந்தால் அரைத்தண்டு வளைந்திருக்கிறது.

பிரேக்கை மறவாதீர்

இவை அனைத்தும் சரியாக அமைந்தாலும், மாற்று அச்சு தன்னோடு வேறொரு வண்டியின் பிரேக்கையும் கொண்டுவருகிறது என்பதை நாம் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். டிரம்மின் விட்டமும் சக்கர சிலிண்டரின் அளவும் உங்கள் வண்டிக்கு உரியனவா என்று பார்க்க வேண்டும். டிரம்மின் மீதே அதன் உச்ச விட்டம் வார்க்கப்பட்டிருக்கும். அதனைக் கடந்து தேய்ந்த டிரம்மைக் கழித்துவிட வேண்டும். உள்ளே எண்ணெய் பட்ட பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது பரவலான பழக்கம். அது வேண்டாம். புதிய சீலும் புதிய கட்டைகளும் போட்டபின்னரே அச்சை வண்டியில் ஏற்றுங்கள். வெளியே கிடக்கும்போது அரை மணி நேரத்தில் முடியும் வேலை, ஏற்றியபின் அரை நாள் எடுக்கும்.

பிக்கப் வண்டிகள் பலவற்றில் சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி செல்வதைக் காணலாம். அதன் மேல்முனையில் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ளது. பாரம் ஏற ஏற சேஸிஸ் தாழ்ந்து அச்சை நெருங்கும். கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைக் கூட்டும். வண்டி வெறுமையாய் இருக்கும்போது அவ்வழுத்தம் குறையும். இல்லையேல் வெற்று வண்டியின் பின் சக்கரங்கள் மழையில் சட்டென்று இறுகி, வண்டி பக்கவாட்டில் சுழன்றுவிடும். மாற்று அச்சில் அக்கம்பியை மாட்டுவதற்குக் கொக்கி இல்லையென்றால், பட்டறையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கம்பியைச் சேஸிஸோடு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நாமே இரண்டு வண்டிகளில் இதைக் கண்டிருக்கிறோம். கட்டிய நிலையைப் பொறுத்து, ஒரு டன் பாரத்தோடு சரிவில் இறங்கும்போது பின் பிரேக் பாதியளவே பிடிக்கும். பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் ஒழியவில்லை. அவ்வாறு ஏற்றவே கூடாது. ஏற்றப்பட்டவர்களோ பெரும்பாலும், பிரேக்கைப் பற்றிக் கேட்கும் நிலையில் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்தக் கொக்கியைப் பழைய அச்சிலிருந்து கழற்றிப் புதியதில் முறையாகப் பொருத்த ஆகும் செலவு மிகச் சிறிது.

கைப்பிரேக் கம்பிகளின் நீளத்தையும், பிரேக் குழாய்கள் வில்பட்டை முழுதும் அமுங்கும்போது எதிலும் உராயாமலிருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா என்பதை உருளைகளின் மீது வண்டியை நிறுத்திச் சோதிக்கும் வசதி புஸ்பகோம் போன்ற பரிசோதனை நிலையங்களில் உண்டு.

பொருத்தியபின், அச்சை நிலைநிறுத்தும் யூ போல்டுகளுக்கு முடிந்தால் புதியனவற்றையே போடுங்கள். ஒருமுறை இறுக்கப்பட்டு நீண்டவை மீண்டும் அதே பிடிப்பைத் தருவதில்லை. டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பொறுத்தவரை, ஜி.எல்.5 என்று குறிக்கப்பட்ட 90 தரத்து எண்ணெய் பொதுவாகப் பயன்படுவது. வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுக. ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்டுகளை மறுபடியும் இறுக்கி, அடித்திருகைக் கழற்றி எண்ணெயில் தூள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அந்தக் குத்தகைக்காரர் தாம் வாங்கிய அச்சைக் கடையில் திருப்பிக் கொடுக்க முயன்றார், ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதிலிருந்த பேரிங்குகளும் டிரம்களும் நல்லவை என்பதால் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டார். தம் பழைய அச்சுக்கு 41க்கு 9 பற்கள் கொண்ட தலையொன்றைத் தேடி எடுத்தார். இம்முறை சுண்ணாம்புக் கட்டியைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தார். கடை வாசலிலேயே இருபது சுற்றுச் சுற்றி எண்ணினார். நாற்பத்தைந்தரை வந்தது. பினியன் சீலைப் புதிதாக மாற்றி, தலையைப் பொருத்தி, காற்றுப்போக்கிக் குமிழில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி அதன் முனையைச் சேஸிஸின் உயரமான இடத்திற்கு ஏற்றிக் கட்டியிருக்கிறார். ஓடையில் இறங்கினாலும் இனி அவ்வளவு எளிதில் நீர் புகாது. நாம் புறப்படும்போது அவ்வண்டி குலைகளை ஏற்றிக்கொண்டு சேற்றிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியது. நான்கு சக்கர இயக்கத்தின் கம்பி ஒரே தள்ளலில் திரும்பி வந்தது.